கோரிக்கை மனு: உள்ளூராட்சி மன்ற ஊழியர்கள் இடையூறின்றித் தொழிற்சங்கம் அமைக்கச் சுற்றுநிருபம் வெளியிடல்

ஆணையாளர் அவர்கள்,
உள்ளூராட்சித் திணைக்களம்,
மத்திய மாகாணம்.

ஐயா / அம்மணி,

நுவரெலியா மாநகர சபை, ஹட்டன்–டிக்கோயா, தலவாக்கலை–லிந்துலை நகர சபைகள், மாவட்டத்தின் பிரதேச சபைகள் ஆகியவற்றில் குப்பை அள்ளுவோர், கான் துப்புரவு செய்வோர், குடிநீர்க் குழாய் பார்ப்போர், சாரதிகள், எழுதுவினைஞர்கள் சார்பில் இம்மனுவைச் சமர்ப்பிக்கிறோம்.

புதிய உரிமை எதையும் நாங்கள் கேட்கவில்லை. தொழிற்சங்கம் அமைக்கும் சுதந்திரம் அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரையில் இருக்கிறது. 1935ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கத் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டப்படி ஏழு பேர் கையொப்பமிட்டால் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். சங்கம் அமைந்து மூன்று மாதத்துக்குள் அதைச் செய்துவிட வேண்டும்.

சிக்கல் அந்த மூன்று மாதத்தில்தான். ஏழு பெயர்களும் யாருடையவை என்பது சின்னச் சபையில் ஒரே நாளில் தெரிந்துவிடும். நிரந்தர ஊழியர் மீது கை வைத்தால் கடிதம், விசாரணை, மேன்முறையீடு என்று வழியுண்டு. நிரந்தர நியமனம் இல்லாத அமைய ஊழியருக்கு மறுநாள் வேலைப் பட்டியலில் பெயர் இராது, அவ்வளவுதான். நிறுத்தியதற்குக் கடிதமே இல்லாதபோது எதைக் காட்டி முறையிடுவது? ஆகவே சங்கம் அமைந்த நாள் முதல் பதிவு முடிவாகும் வரை, அமைய ஊழியர் எவரை நிறுத்தினாலும் காரணத்தை எழுத்தில் கொடுத்து, பிரதியை உதவி ஆணையாளருக்கு அனுப்பும்படி பணிக்க வேண்டுகிறோம். மற்றவை தாமதித்தாலும் இதைத் தாமதிக்க வேண்டாம்.

சங்க உத்தியோகத்தர்களில் அரைவாசிப் பேராவது அத்தொழிலில் உள்ளவர்களாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். நியமனக் கடிதம் இல்லாதவர் அதை எப்படிக் காட்டுவார்? கேட்ட ஏழு நாளுக்குள் சபைச் செயலாளர் சேவை உறுதிக் கடிதம் தர வேண்டும். தமிழில் கேட்டால் தமிழில்.

அடுத்தது சந்தா. தோட்டங்களில் சம்பளத்திலேயே சந்தா பிடிப்பது நம்மவர்களுக்குப் பழகிய முறை. சபைகளும் அவ்வாறே பிடிக்க வேண்டும். கையால் வசூலித்தால் பற்றுச்சீட்டு தவறும், கணக்காய்வில் தொகை இடிக்கும், தொழிற்சங்கப் பதிவாளருக்கு அனுப்பும் வருடாந்தக் கணக்கறிக்கை பிந்தும். பல சங்கங்கள் உள்ளுக்குள்ளேயே உடைவது இந்தக் கணக்கில்தான். எழுத்து மூலச் சம்மதப் படிவம் மூன்று பிரதிகளில் இருக்கட்டும்: கணக்குப் பிரிவுக்கு ஒன்று, சங்கத்துக்கு ஒன்று, தொழிலாளிக்கு ஒன்று. விலக விரும்புபவரும் அவ்வாறே எழுதிக் கொடுத்து விலகலாம். பிடித்த தொகையைப் பெயர்ப் பட்டியலுடன் மாதாமாதம் சங்கக் கணக்கில் வைப்பிலிட வேண்டும்.

சுகாதாரத் தொழிலாளர் விடியுமுன் இறங்கி மதியம் ஓய்கிறார்கள். அலுவலகத்தார் மாலைவரை இருக்கிறார்கள். இரு சாராரும் கூட மாதம் ஒரு பிற்பகல், ஒரு மணி நேரம், சபை மண்டபத்தைத் தந்தால் போதும். அறிவித்தல் பலகையில் ஓர் இடமும் வேண்டும்.

பணமோ வாகனமோ வேண்டாம். 1972இல் இலங்கை ஏற்ற சர்வதேசத் தொழில் அமைப்பின் 98ஆம் சமவாயம், தொழில் தருநர் பணம் கொடுத்துச் சங்கத்தைத் தம் கைக்குள் கொண்டுவருவதைத் தலையீடு என்றே கொள்கிறது. மேற்பார்வையாளர்கள் கையொப்பம் திரட்டுவதும், தலைவர் யாரென்று சொல்வதும், "அந்தச் சங்கம் வேண்டாம், இதில் சேர்" என்பதும் சுற்றுநிருபத்தில் வெளிப்படையாகத் தடுக்கப்பட வேண்டும்.

சுற்றுநிருப வரைவை உதவி ஆணையாளர் ஊடாக எங்களுக்குக் காட்டினால், சம்மதப் படிவத்தின் மாதிரியைத் தமிழிலும் சிங்களத்திலும் தயாரித்துத் தருவோம்.

இப்படிக்கு,
நுவரெலியா மாவட்ட உள்ளூராட்சி மன்ற ஊழியர்கள்