இரண்டு விநாடி பாக்கி

அன்புள்ள கதிரேசா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. முழங்கால் வலியால்தான் பதில் போடவில்லை என்று சொன்னால், காலாலா எழுதுகிறாய் என்று கேட்பாய். மற்றபடி சுகம். சின்னவளுக்குப் புனேயில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். வீட்டில் இப்போது நாங்கள் இரண்டு பேரும் சர்க்கரை மாத்திரைகளும்தான்.

பகலில் பொழுது போகாமல் யூடியூபில் பழைய குத்துச்சண்டைகளைப் போட்டுப் பார்க்கிறேன். மேன்ஷன் நாட்களில் கேபிளில் துண்டு துண்டாகப் பார்த்துவிட்டு விடிய விடிய வாதாடுவோமே, அதையெல்லாம் இப்போதுதான் முதல் மணியிலிருந்து கடைசி மணிவரை பார்க்கிறேன். அதில் ஒரு விபரீதம். திட்டாதே, மெக்ஸிகோவின் சாவேஸும் அமெரிக்காவின் டெய்லரும் மோதிய அந்தப் பட்டச் சண்டை விஷயத்தில் நான் கட்சி மாறிவிட்டேன், ரெஃப்ரி நிறுத்தியது சரிதான் என்கிறேன்.

அன்றைக்கு நாம் பார்த்ததெல்லாம் 12-ஆவது ரவுண்டின் கடைசி அரை நிமிடம். சாவேஸின் வலது கை இறங்குகிறது, டெய்லர் விழுகிறான், கயிற்றைப் பிடித்து எழுகிறான். ரெஃப்ரி ரிச்சர்ட் ஸ்டீல் எட்டுவரை எண்ணிவிட்டு, சரியாக இருக்கிறாயா என்று கேட்கிறார். பதில் இல்லை. மறுபடி கேட்கிறார். டெய்லர் தன் மூலைப்பக்கம் திரும்பிப் பார்க்கிறான். ஸ்டீல் கைகளை வீசிச் சண்டையை நிறுத்திவிடுகிறார். மூன்று நிமிட ரவுண்டில் அப்போது நேரம் 2 நிமிடம் 58 விநாடி. இரண்டு ஜட்ஜுகளின் அட்டையில் டெய்லர் 107-102, 108-101 என்று முன்னால் இருந்தான். இரண்டு விநாடி சும்மா நின்றிருந்தாலே 1990 மார்ச் 17 அவன் நாளாக இருந்திருக்கும். ஸ்டீலை நாம் என்னவெல்லாம் சொல்லித் திட்டினோம்!

முழுச் சண்டையையும் பார்த்தால் வேறு கதை. டெய்லரின் கைவேகம் கண்ணில் நிற்காது, சாவேஸ் ஒரு குத்து விடுவதற்குள் அவன் மூன்று விட்டிருப்பான். ஆனால் அந்த ஒன்று விழும்போதெல்லாம் டெய்லரின் முகம் கொஞ்சம் மாறுகிறது. பாதி தாண்டியதும் வாயில் ரத்தம், கண் வீங்குகிறது. புள்ளிக் கணக்கில் இது எதுவும் ஏறாது. ரவுண்டை எடுத்தவனுக்கு 10, மற்றவனுக்கு 9. மயிரிழையில் எடுத்த ரவுண்டும் 10-9, நொறுங்கிக்கொண்டே எடுத்த ரவுண்டும் 10-9. முன்னால் போய்க்கொண்டிருந்தவன்தான் உடைந்துகொண்டும் இருந்தான். பிறகு ஆஸ்பத்திரியில் பார்த்தால் கண்குழி எலும்பு முறிவு, சிறுநீரில் ரத்தம். அடுத்த வருடம் இன்னொரு எடையில் பட்டம் வாங்கினான், அது வாஸ்தவம். ஆனால் பழைய டெய்லர் திரும்பி வரவே இல்லை. பிற்காலத்தில் அவன் பேச்சே குழறிப்போனது உனக்கும் தெரியும்.

என் கோபம் இப்போது அவனுடைய மூலையில் நின்றவர்கள் மேல். கடைசி ரவுண்டுக்கு முன்னால் பயிற்சியாளர் லூ டூவா, இந்த ரவுண்டு நமக்கு வேண்டும் என்று சொல்லி அனுப்புகிறார். எதற்கு வேண்டும்? அத்தனை புள்ளி முன்னால் இருப்பவனை ஓடு, கட்டிப்பிடி, எப்படியாவது நேரத்தைக் கடத்து என்று அல்லவா சொல்ல வேண்டும்! போதாக்குறைக்கு ஸ்டீல் எண்ணும்போது டூவா மேடை விளிம்பில் ஏறி நிற்கிறார். டெய்லர் திரும்பிப் பார்த்தது அந்தப் பக்கம்தான்.

கடைசி 10 விநாடியைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்ததே என்பாய். எரிந்தது. ஆனால் ரெஃப்ரி பார்க்க வேண்டியது விளக்கையா, ஆளின் கண்ணையா? சண்டை 12 ரவுண்டில் முடிவதே ஒரு சாவினால்தானே. 1982-இல் ரே மான்சினியோடு மோதிய கொரியாக்காரன் கிம் டுக்-கூ 14-ஆவது ரவுண்டில் விழுந்து, சில நாளில் இறந்துபோனான். அந்தச் சண்டையின் ரெஃப்ரி ரிச்சர்ட் கிரீன் அடுத்த வருடம் உயிரை மாய்த்துக்கொண்டார். அதற்கப்புறம்தான் பட்டச் சண்டைகளை 15-லிருந்து 12 ரவுண்டாகக் குறைக்க ஆரம்பித்தார்கள். பழைய விதியாக இருந்திருந்தால் டெய்லருக்கு பாக்கி இரண்டு விநாடி இல்லை, இன்னும் மூன்று ரவுண்டு. அந்த முகத்தோடு!

இதே 12 ரவுண்டுதான் உன் அபிமான சாம்பியன் ஹாக்லரையும் கவிழ்த்தது. 1987 ஏப்ரலில் அவனோடு மோத வந்த லெனார்ட், அதற்கு முந்தைய ஐந்து வருடத்தில் ஒரே ஒரு சண்டைதான் போட்டிருந்தான். 12 ரவுண்டு, பெரிய ரிங், கனமான கிளவுஸ் என்று லெனார்ட் கேட்டதையெல்லாம், கூடுதல் பணத்துக்காக ஹாக்லர் தரப்பு விட்டுக்கொடுத்தது. 15 என்றிருந்தால் லெனார்டின் கால் தாங்கியிருக்குமா? போதாததற்கு இடக்கைக்காரன் ஹாக்லர் முதல் சில ரவுண்டுகளை வலக்கைக்காரன் மாதிரி நின்று தாரை வார்த்தான். ஒரு ஜட்ஜ் 115-113 ஹாக்லர், இன்னொருவர் அதே கணக்கில் லெனார்ட், மூன்றாமவர் 118-110 லெனார்ட். லெனார்டுக்கே அது கூச்சமாக இருந்திருக்கும். ஹாக்லர் அப்புறம் ரிங் பக்கமே வரவில்லை. இத்தாலிக்குப் போய் சினிமாவில் நடித்தான். 2021-இல் போயும் சேர்ந்துவிட்டான். அந்தச் சண்டைக்கும் ரெஃப்ரி நம் ஸ்டீல்தான், கவனித்தாயா?

ஒரு வேடிக்கை செய்தேன். ஹாக்லர்-லெனார்ட் சண்டையைச் சத்தத்தோடு பார்த்துப் புள்ளி போட்டபோது லெனார்ட் 115-113. ஒவ்வொரு ரவுண்டிலும் கடைசி அரை நிமிடம் அவன் படபடவென்று குத்த, கூட்டம் கூரையைப் பிய்க்கிறது, நம் பேனாவும் கூடவே ஓடுகிறது. இரண்டு நாள் கழித்துச் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். ஹாக்லர் 115-113!

நீயும் சத்தமில்லாமல் பார். ரவுண்டு ரவுண்டாகத் தாளில் எழுதி அனுப்பு, கூட்டாதே. கூட்டலை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ கூட்டிய மெஸ் பில்கள் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

உன்,
சுப்பு