உமையாளுக்கு, உன் கதையைப் படித்த அன்று

காரைக்குடி

அன்புள்ள உமையாள்,

உன் நாவலின் கைப்பிரதி வந்து சேர்ந்தது. மத்தியானம் வீட்டின் உள்பக்கம், இரண்டாம் கட்டில் உட்கார்ந்து பிரித்தேன். விளக்கு வைக்கும் நேரம் வரை எழுந்திருக்கவில்லை. இங்கே எல்லோரும் நலம். மற்றச் செய்திகளைப் பிறகு எழுதுகிறேன்.

வயலின் கற்கும் அந்தப் பெண்ணுக்கு வில் பிடிக்கச் சொல்லிக்கொடுக்கும் சாக்கில் வாத்தியாரின் கை நீளும் இடத்தை இரண்டே வரியில் முடித்தாயே, அது சரி. பள்ளிப் பிள்ளைகள் படிக்கப்போகும் கதை. என்னை உலுக்கியது அதற்குப் பின் வருவதுதான். அவள் வயலின் பெட்டியைப் பரணில் ஏற்றிவிடுகிறாள். வீட்டார் அதைச் சோம்பல் என்கிறார்கள். வீணைச் சகோதரர்கள் வாழ்ந்த ஊர் இது. குருவுக்கு மறுசொல் கூடாது என்றே நம்மையும் வளர்த்தார்கள். அந்த மரியாதைக்குப் பின்னால்தான் உன் வாத்தியார் ஒளிந்துகொள்கிறான். அவள் தன் பாட்டியிடம், ஆயாவிடம் மட்டும் சொல்கிறாள். ஆயா ஒன்றும் கேட்காமல், வெற்றிலைப் பெட்டியை மூடிவைத்துவிட்டு அவள் பக்கத்தில் நகர்ந்து உட்காருகிறாள். அங்கே அழுதுவிட்டேன், உமையாள்.

ஒன்றை மட்டும் திருத்து. அவளைக் காவல் நிலையத்துக்கு வரவழைத்து, சீருடைக்காரர்கள் சுற்றி நின்று கேட்பதாக எழுதியிருக்கிறாய். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க வந்த 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, பிள்ளையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோதான் வாக்குமூலம் வாங்க வேண்டும். கூடியவரை பெண் அதிகாரி, அதுவும் சீருடை இல்லாமல். இரவில் எக்காரணத்துக்காகவும் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. இதை மீறுவதுதான் உன் கதை என்றால், மீறல் என்று யாராவது அங்கேயே சொல்லட்டும். படிக்கிற ஒரு பெண் போலீஸுக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டுவிடக் கூடாது. பக்கத்து வீட்டு டீச்சர் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழைக்கச் சொல்வதாகவும் ஒரு வரி சேர்.

கடைசியில் கச்சேரி வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டவே வேண்டாம். இப்போது இருப்பதுதான் உண்மை: பெட்டியை இறக்குகிறாள், வயலின் தலைச் சுருளை வலது காலில் ஊன்றுகிறாள், தந்திகளை ச-ப-ச-ப என்று சுருதி சேர்க்கவே அரைமணி ஆகிறது. மாயாமாளவகௌளை ராகத்தில் ஆரம்பப் பாடமான சரளிவரிசை, அதுவும் மெதுவான முதல் காலம் மட்டும். போதும் என்று வைத்துவிடுகிறாள். அந்தப் பக்கத்தில் கை வைக்காதே.

பேத்தி பிரதியைக் கேட்கிறாள். அவளுக்குப் பதினாறு வயது, அவளும் பாட்டு கற்கிறாள். உன்னைக் கேட்காமல் கொடுக்க மனமில்லை, உடனே எழுது.

அன்புடன்,
வள்ளி