ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் அன்றைக்கே பாருங்கள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கும், மக்களைத் தேடி மருத்துவத் தன்னார்வலர்களுக்கும் வணக்கம்.

என் அப்பா பாலக்கோட்டுப் பக்கம் தக்காளி போடுகிறவர். இதய வால்வு மாற்றியதிலிருந்து, இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார். போன ஆடியில் ஒரு காலை, மண்டிக்காரர் போன் செய்தபோது “லைனே கிடைக்கல” என்று அப்பா வைத்துவிட்டார். மறுபடி மணி அடித்தது. நான் போனை அவருடைய வலது காதில் வைத்ததும் பேச ஆரம்பித்தார். இடது காதில் ஒன்றும் விழவில்லை. எழுந்தால் தலைசுற்றல், வாந்தி.

பித்தம் என்றார்கள் வீட்டில். பார்த்த மருத்துவர் குறும்பி அடைப்பு என்று சொட்டு மருந்து கொடுத்தார். ஒன்பது நாள் ஊற்றினோம். அப்புறம் சேலத்தில் எம்.ஆர்.ஐ. எடுத்தபோதுதான் உள்காதில் இரத்தம் கசிந்திருப்பது தெரிந்தது. இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவும் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. அதைக் கடைசியாகப் பரிசோதித்து மூன்று மாதம் ஆகியிருந்தது, அது எங்கள் தவறு.

இப்படிக் கசிவது அபூர்வம். அதில் போன காது பெரும்பாலும் திரும்புவதில்லை என்பதும் தெரியும். ஆனால் திடீரென்று காது கேட்காமல் போகிற பலருக்குக் காரணமே பிடிபடுவதில்லை. அவர்களுக்கு முதல் 2 வாரத்துக்குள் ஸ்டீராய்டு தொடங்கினால் மீள வாய்ப்பு உண்டு. சொட்டு மருந்தில் கழிவது அந்த நாட்கள்தான்.

குறும்பியா, நரம்பா என்று பிரித்தறிய தட்டினால் அதிர்ந்து ஒலிக்கும் 512 ஹெர்ட்ஸ் இசைக்கவை (டியூனிங் ஃபோர்க்) ஒன்று போதும். அதுவும் கையில் இல்லையா, வாயை மூடி “ம்ம்ம்” என்று முனகச் சொல்லுங்கள். கேட்காத காதில் சத்தம் கூடினால் அடைப்பாக இருக்கலாம். நல்ல காதில் கூடினால் உள்காதைச் சந்தேகித்து, அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்புங்கள்.

தன்னார்வலர்களே, மக்களைத் தேடி மருத்துவத் திட்டம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. பிரஷர், சுகர் மாத்திரையோடு வாசல் வரை வருகிறீர்கள். “ரெண்டு காதும் ஒரே மாதிரி கேட்குதா?” என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். வார்ஃபரின் சாப்பிடுகிறவரிடம், கடைசியாக எப்போது ஐ.என்.ஆர். பார்த்தார் என்று கேளுங்கள். பயந்துபோய் மாத்திரையைத் தானாக நிறுத்த மட்டும் விடாதீர்கள். வால்வில் இரத்தம் உறைந்தால் உயிருக்கே ஆபத்து.

அப்பா இப்போதும் மண்டிக்குப் போகிறார். ஏலம் கூறுகிறவர் தன் வலப்பக்கம் வரும்படி இடம் பார்த்து நின்றுகொள்கிறார்.

இப்படிக்கு,
பாலக்கோட்டிலிருந்து ஒரு மகள்