ராமாயணம் டிஸ்க்கில் தமிழ்க் குரலோடு தமிழ் எழுத்தும் வேண்டும்

'ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா' படத்தின் உரிமையாளர்களுக்கும், அதை வீட்டுக்குக் கொண்டுவரப் போகிறவர்களுக்கும்,

வணக்கம்.

ஜப்பானும் இந்தியாவும் சேர்ந்து உருவாக்கி, 1990களில் வெளியான இந்த ராமாயண அனிமேஷன் படம், 2025 ஜனவரி 24 அன்று 4கே தரத்தில், தமிழ்க் குரலோடு தியேட்டருக்கு வந்தது. அன்றிலிருந்தே நல்ல டிஸ்க் (டிவிடியோ புளூ-ரேயோ) எப்போது வரும் என்றுதான் எங்கள் வீட்டில் பேச்சு. அது வரும்போது அதில் தமிழ் ஒலி இருக்க வேண்டும், தமிழ் சப்டைட்டிலும் இருக்க வேண்டும். இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

சென்ற மாதம் இணையத்தில் ஒருவர் 'தமிழ், முழுப் படம்' என்று போட்டு விற்ற டிவிடியை வாங்கினேன். போட்டுப் பார்த்தால் டிவியிலிருந்து பதிவு செய்தது. மூலையில் சேனல் முத்திரை, ஓடுவது இந்தி, நடுநடுவே காட்சிகளைக் காணோம். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்குப் பதிலே இல்லை. அந்த விற்பனையாளர் மேல் கோபம் இருக்கிறது. ஆனால் அசலை எளிதாக வாங்க முடிந்திருந்தால் நான் ஏன் அவரிடம் போகிறேன்?

இந்தப் படம் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாததில்லை. இந்தியாவில் கிளம்பிய எதிர்ப்பைத் தாண்டி இயக்குநர்கள் யூகோ சாகோவும் ராம் மோகனும் கொய்ச்சி சாசாகியும் அதை முடித்தார்கள். கையால் வரைந்த ஓவியங்களாலேயே ஆன 135 நிமிடப் படம். அப்புறம் அது ஒரே படமாக இருந்ததா? ஆங்கில வசனமும் சமஸ்கிருதப் பாடல்களும் கொண்ட வடிவம் ஒன்று. நடிகர்கள் அருண் கோவிலும் அம்ரிஷ் பூரியும் பேசிய இந்தி வடிவம் ஒன்று. பெயரை மாற்றி, நீளத்தைக் குறைத்து, அமெரிக்க நடிகர் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸின் குரலில் கதைசொல்லி அமெரிக்காவுக்குப் போன வடிவம் ஒன்று. 2025இல் இந்திக்கும் புதிய குரல்கள். எந்த உறைக்குள் எது இருக்கிறது என்று வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும்? நீங்கள் வெளியிடும் டிஸ்க்காவது வெட்டாத முழுப் படமாக இருக்கட்டும்.

சரி, சப்டைட்டிலுக்கு வருகிறேன். என் அம்மாவுக்குக் காது கேட்பது வெகுவாகக் குறைந்துவிட்டது. காது மிஷின் வைத்தால் சத்தம் கேட்கும், சொல் பிரியாது. பின்னணி இசை சேர்ந்துவிட்டால் எல்லாம் ஒரே இரைச்சல். கம்பராமாயணத்தில் சுந்தர காண்டப் பாடல்கள் பலவற்றை மனப்பாடமாகச் சொல்பவர் அவர். தமிழில் வருகிறது என்று தெரிந்ததும் ஆசையாகக் கிளம்பி தியேட்டருக்கு வந்தார். திரையில் எழுத்து வரும் என்று நம்பியிருந்தோம். வரவில்லை. அசோகவனத்தில் அனுமன் சீதையைப் பார்க்கும் இடம் முழுக்கப் பேச்சுதானே? நான் அவர் காதோடு வாய் வைத்து ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். அவருக்குக் கேட்கிற அளவுக்குச் சொன்னால் மூன்று வரிசைக்கும் கேட்கும். முன்னால் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவரும் காசு கொடுத்துத்தான் வந்திருக்கிறார். "நீ பேசாம இரு, நான் பாத்துக்கறேன்" என்றார் அம்மா. மீதிப் படம் முழுவதும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்தபின், கும்பகர்ணன் வந்தபோது என்ன பேசிக்கொண்டார்கள் என்று மட்டும் கேட்டார்.

"கதைதான் தெரியுமே, படத்தைப் பார்த்தால் போதாதா?" என்று உறவினர் ஒருவர் சொன்னார். தெரிந்த கதை என்பதற்காக யாராவது டிவியின் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பார்களா? கம்பன் அந்தக் கும்பகர்ணனை எப்படிப் பேச வைத்தான் என்று தெரிந்தவருக்குத்தான், இந்தப் படத்தில் அவன் என்ன பேசினான் என்று தெரிந்துகொள்ளும் ஆவல் அதிகம்.

டிஸ்க்கில் இடமில்லை என்று சொல்ல முடியாது. சாதாரண டிவிடியிலேயே 8 ஒலித்தடங்களும் 32 சப்டைட்டில்களும் வைக்க வழியுண்டு. புளூ-ரேயில் இரண்டுமே 32 வரை வைக்கலாம். தமிழ் டப்பிங் வசனம் ஏற்கெனவே எழுத்தில் இருக்கும். அதைப் பார்த்துத்தானே பேசியிருப்பார்கள்? அந்த வசனத்தையே சப்டைட்டிலாகப் போடுங்கள். ஆங்கில வசனத்தைத் தனியாக மொழிபெயர்த்துப் போட்டால் வாயில் ஒன்று, எழுத்தில் ஒன்று என்று ஆகிவிடும். அரைகுறையாகக் காதில் விழுவதையும் எழுத்தையும் சேர்த்துப் புரிந்துகொள்கிறவர்களுக்கு அது பெரிய தொல்லை. பாடல்களையும் விட்டுவிடாதீர்கள். வானரங்கள் சேதுவைக் கட்டும்போது கதையை நடத்திச் செல்வதே பாடல்தான். அது சமஸ்கிருதத்தில் ஒலித்தால் கீழே தமிழில் பொருள் வரட்டும்.

இது சலுகை கேட்பது இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. கேட்கும் திறனும் பார்வைத் திறனும் குறைந்தவர்களுக்காகத் தியேட்டர்கள் என்ன செய்ய வேண்டும் என்று 2024 மார்ச்சில் மத்திய அரசு வழிகாட்டுதல்களே வெளியிட்டது. ஆனாலும் ஒரு படம் வீட்டுக்கு வரும்போது முதலில் கைவிடப்படுவது தமிழ் எழுத்துதான். தமிழில் டப் செய்த படத்துக்கு ஆங்கில சப்டைட்டில் மட்டும் இருக்கும். டப்பிங் பேசியவர்களின் பெயர் உறையில்கூட இருக்காது. சிறுவயதில் டிவியில் நாங்கள் கேட்டு வளர்ந்த எத்தனையோ கார்ட்டூன்களின் தமிழ்க் குரல்களை இன்று எங்கே போய்த் தேடுவது? படம் யாருடையதோ, தமிழ் மட்டும் இரவல் என்பதுபோல நடத்துகிறார்கள். இரவலாக இருந்தாலும் பத்திரமாகத் திருப்பித் தருவதுதானே முறை?

உங்கள் மேல் எனக்குக் கோபத்தைவிட நன்றிதான் அதிகம். சாகோ 2012இலும் ராம் மோகன் 2019இலும் மறைந்த பிறகும் இந்தப் படத்தைத் துடைத்துச் சுத்தம் செய்து பெரிய திரைக்குக் கொண்டுவந்தீர்கள், அதுவும் தமிழ்க் குரலோடு. கடினமான வேலையெல்லாம் முடிந்துவிட்டது. அந்தத் தமிழ்க் குரலோடு தமிழ் எழுத்தையும் டிஸ்க்கில் சேருங்கள் என்றுதான் பணிவோடு கேட்கிறேன்.

இன்னொன்று. முன்பதிவு தொடங்கும் நாளிலேயே எந்தெந்த மொழியில் ஒலி, எந்தெந்த மொழியில் சப்டைட்டில், மொத்தம் எத்தனை நிமிடம் என்று தெளிவாக அறிவித்துவிடுங்கள். தமிழ் இரண்டிலும் இருந்தால் அன்றைக்கே பணம் கட்டுவேன்.

பணிவன்புடன்,
மதுரையிலிருந்து ஒரு ரசிகை