ரூட் செய்வதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள்: கொழும்பு போன் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவிலும் பம்பலப்பிட்டியிலும் எங்கள் வெள்ளவத்தையிலும் போன் திருத்தும் கடை வைத்திருக்கும் அண்ணாமாருக்கும், அங்கே வேலை பார்க்கும் தம்பிமாருக்கும் வணக்கம்.

உங்களில் நிறையப் பேரை எனக்கு முகம் தெரியும். டிஸ்பிளே மாற்ற, சார்ஜ் ஏறாத போனைக் காட்ட, மழையில் நனைந்ததை உயிர்ப்பிக்க என்று பல வருடமாக உங்களிடம்தான் வந்துகொண்டிருக்கிறேன். "போர்ட் போய்விட்டது, புதிது வாங்குங்கள்" என்று வேறு இடத்தில் திருப்பி அனுப்பிய போனை, நான் பக்கத்துக் கடையில் தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் திருத்தித் தந்திருக்கிறீர்கள். உங்கள் கைவேலையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நான் எழுதுவது வேறொன்றைப் பற்றி.

போன மாதம் கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் சின்னம்மா போனைக் கொண்டுவந்து நீட்டினார். "தம்பி, பாங்க் ஆப் திறக்குதில்லை, இங்கிலிசில என்னமோ எழுதிக் கிடக்கு, வாசிச்சுச் சொல்லு." வாசித்தேன். இந்தக் கருவி ரூட் செய்யப்பட்டிருக்கிறது, பாதுகாப்புக் காரணமாக இதில் இந்தச் செயலி இயங்காது என்று இருந்தது. ரூட் என்றால் போனின் சிஸ்டம் முழுவதையும் மாற்றக்கூடிய உச்ச அதிகாரத்தைத் திறந்துவிடுவது, அது சின்னம்மாவுக்குத் தெரியாது. அவர் ஒரு கடைக்குப் போய்ச் சொன்னது இரண்டே விஷயம்: போன் சரியான ஸ்லோ, மகளின் கல்யாண வீடியோவை மச்சாளின் போனுக்கு அனுப்ப முடியவில்லை. கடைத் தம்பி அன்பாகத்தான் பேசினாராம், "அன்ரி, பின்னேரம் வாங்கோ, எல்லாம் செய்து வைக்கிறன்" என்று. பின்னேரம் போனபோது வேகமான போனும், கோப்பு அனுப்பும் ஒரு செயலியும், அதை எப்படி அமர்த்துவது என்ற விளக்கமும் கிடைத்தன. அதற்காகப் போன் ரூட் செய்யப்பட்டது என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

நான் உள்ளே பார்த்தபோது ரூட் அனுமதியைக் கையாளும் செயலி ஒன்று இருந்தது, அதில் மூன்று செயலிகளுக்கு "எப்போதும் அனுமதி" கொடுக்கப்பட்டிருந்தது. அந்த மூன்றில் ஒன்று மிகப் பழைய கோப்பு மேலாளர். வீடியோ அனுப்பும் செயலி பிளே ஸ்டோரிலிருந்து வந்ததல்ல, யாருடைய பென் டிரைவிலோ பல வருடமாகக் கிடந்த ஏபிகே, அதாவது செயலியை நேரடியாக நிறுவும் கோப்பு. தெரியாத இடங்களிலிருந்து செயலி நிறுவலாம் என்ற அனுமதியும் திறந்தபடியே விடப்பட்டிருந்தது.

நானும் ஒரு காலத்தில் ரூட் செய்தவன்தான். தமிழ் எழுத்தெல்லாம் பெட்டி பெட்டியாகத் தெரிந்த நாட்கள் உங்களில் மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். சிஸ்டம் கோப்புறைக்குள் எழுத்துருவைக் கொண்டுபோய் வைத்தால்தான் யாழ்ப்பாணத்திலிருந்து வரும் செய்தியை வாசிக்கலாம், அங்கே எழுத ரூட் வேண்டும், அதனால் செய்தோம். இன்று எந்தப் போனிலும் தமிழ் தானாகத் தெரிகிறது. இப்போதும் தேவையற்ற செயலிகளை நீக்கவும், பழைய போனில் புது ரோம் (வேறு அண்ட்ராய்டு பதிப்பு) ஏற்றவும் விரும்பி ரூட் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு அது உரிமை, அதோடு என்ன வரும் என்று தெரிந்தே செய்கிறார்கள். என் சின்னம்மா அப்படி எதையும் கேட்கவில்லை.

தொழிலுக்குப் புதிதாக வந்த தம்பிமாருக்காக இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். அண்ட்ராய்டின் அடியில் இருப்பது லினக்ஸ். போனில் நிறுவப்படும் ஒவ்வொரு செயலிக்கும் அண்ட்ராய்டு ஒரு தனி லினக்ஸ் பயனர் எண் கொடுக்கிறது, அந்த எண்ணுக்கு உரிய கோப்புறையை வேறு எண்ணுள்ள செயலி திறந்து பார்க்க முடியாது. ரூட் என்பது 0 என்ற எண். அந்த எண்ணை யாரும் தடுத்துக் கேட்பதில்லை. வாட்ஸ்அப் அரட்டைகளைப் போனுக்குள் வைத்திருக்கும் தரவுத்தளம் அதன் தனிக் கோப்புறைக்குள் இருப்பதால்தான் பத்திரமாக இருக்கிறது. ரூட் கிடைத்த ஒரு செயலி அதை அப்படியே நகல் எடுத்துக்கொண்டு போகலாம். கூகுள் கணக்கு, உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள் எல்லாம் இதே கதைதான். "எப்போதும் அனுமதி" என்று ஒருமுறை அழுத்துவது இதற்கெல்லாம் சேர்த்துச் சம்மதம் கொடுப்பது, அந்தச் சம்மதத்தைச் சின்னம்மாவுக்குப் பதிலாகக் கடையில் இருந்த ஒருவர் கொடுத்திருக்கிறார்.

2016இல் செக் பாயிண்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம் கூலிகன் என்ற தீநிரலைப் பற்றி வெளியிட்டது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கூகுள் கணக்குகளை அது உடைத்திருந்தது. பிளே ஸ்டோருக்கு வெளியே கிடைத்த செயலிகளோடு போனுக்குள் வந்ததும் அது முதலில் செய்த வேலை, அண்ட்ராய்டு 4, 5 பதிப்புகளில் இருந்த பழைய ஓட்டைகள் வழியாகப் போனைத் தானே ரூட் செய்துகொண்டதுதான். பிறகுதான் கணக்குகளின் அனுமதிச் சாவிகளைத் திருடியது. ஏற்கெனவே ரூட் செய்து, கேட்பவருக்கெல்லாம் அனுமதி கொடுத்து வைத்திருக்கும் போனில் அப்படியொரு நிரலுக்கு அந்தப் பாடும் மிச்சம்.

இப்போது கோப்பு அனுப்பும் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் கடைகளில் இந்த இரண்டும் சேர்ந்தே நடக்கின்றன. டேட்டா விலை நம் எல்லோருக்கும் தெரியும், ஒரு கல்யாண வீடியோவை இணையத்தில் ஏற்றி இறக்கினால் ஒரு மாத டேட்டாவில் பாதி போய்விடும், புளூடூத்தில் அனுப்பினால் விடியும். அதனால் வைஃபை வழியாகப் போனுக்குப் போன் அனுப்பும் செயலிகளை எல்லோரும் விரும்புகிறார்கள், அதில் தவறே இல்லை. ஆனால் அவை பெரும்பாலும் எப்படி வேலை செய்கின்றன என்று பாருங்கள்: ஒரு போன் ஹொட்ஸ்பொட் ஆகிறது, மற்றது அதில் இணைகிறது, முதல் போனுக்குள் ஒரு சின்னச் சேவையகம் எழும்பி, கேட்கிற கோப்பை எடுத்துக் கொடுக்கிறது. கேட்பவர் யார், கேட்ட கோப்பைக் கொடுக்கலாமா என்று அது ஒழுங்காகப் பார்க்காவிட்டால் கேட்கிறவனுக்கெல்லாம் கொடுத்துவிடும்.

இது கற்பனை இல்லை. ஈஎஸ் ஃபைல் எக்ஸ்ப்ளோரர் பத்துக் கோடிக்கு மேல் நிறுவப்பட்ட கோப்பு மேலாளர் செயலி, நானும் வருடக்கணக்காக வைத்திருந்தேன். அதை ஒருமுறை திறந்தாலே 59777 என்ற போர்ட்டில் (வலையமைப்பு வாசலில்) ஒரு சேவையகம் பின்னணியில் எழும்பி நிற்கும் என்பதும், அதே வைஃபையில் இருக்கும் யாரும் கடவுச்சொல் இல்லாமல் படம், வீடியோ, செயலிப் பட்டியல் எல்லாவற்றையும் கேட்டு வாங்கலாம், கோப்பையே இறக்கிக்கொள்ளலாம் என்பதும் 2019 ஜனவரியில் வெளியே வந்தது. அந்த ஆண்டிலேயே பிளே ஸ்டோரிலிருந்து அது நீக்கப்பட்டது. சின்னம்மாவின் போனில், ரூட் அனுமதியோடு, நான் கண்டது அந்த 2019க்கு முந்தைய பதிப்பு. கோப்பு அனுப்பும் ஷேர்இட் செயலியிலும் அப்படித்தான், 2021 பெப்ரவரியில் ட்ரெண்ட் மைக்ரோ என்ற பாதுகாப்பு நிறுவனம் அதன் ஓட்டைகளை வெளியிட்டபோது அது நூறு கோடிக்கு மேல் பதிவிறக்கம் ஆகியிருந்தது. பயனரின் தகவலை எடுப்பதோடு வேறு நிரலையும் அதன் வழியாக இயக்கலாம் என்று சொன்னார்கள். நிறுவனம் பிறகு திருத்தம் விட்டது. சரி, திருத்தம் யாருக்குப் போகும்? பிளே ஸ்டோரிலிருந்து நிறுவியவருக்குத் தானாகப் போகும். உங்கள் பென் டிரைவில் இருக்கும் பழைய ஏபிகேக்கு எந்தத் திருத்தமும் வராது, நீங்கள் அதை ஒரு நாளைக்குப் பத்துப் போனில் போட்டால் மூடப்பட்ட ஓட்டையைப் பத்துப் பேருக்குத் திரும்பத் திறந்து கொடுக்கிறீர்கள்.

நல்ல செயலியிலும் ஓட்டை வரத்தான் செய்யும். கோப்பு அனுப்பும் கூகுளின் குயிக் ஷேர் இருக்கிறதே, 2020இல் நியர்பை ஷேர் என்று வந்து 2024 ஜனவரியில் சாம்சங்கினுடையதோடு சேர்ந்து இந்தப் பெயரைப் பெற்றது, அதன் விண்டோஸ், அண்ட்ராய்டு பதிப்புகளிலும் 2024இல் சேஃப்பிரீச் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பத்து ஓட்டைகளைக் காட்டினார்கள், அதில் ஒன்று உரிமையாளர் ஒப்புக்கொள்ளாமலே கோப்பைத் திணிக்கக்கூடியது. கூகுள் திருத்தியது. என் கவலை இங்கேதான்: ரூட் செய்த பல போன்களில் கம்பனியின் வழக்கமான புதுப்பித்தல் ஏறாது, சிஸ்டம் பகுதி மாறியிருப்பதைக் கண்டதும் அது நின்றுவிடும். இப்படியாக ஓட்டையை மூடமுடியாத ஒரு போனுக்குள், மூடப்படாத ஒரு சேவையகத்தை, எல்லாக் கதவையும் திறக்கும் அனுமதியோடு வைத்து ஒரு மனிசியின் கையில் கொடுத்தனுப்புகிறோம். அவர் அதை வைத்திய நிலையத்தின் இலவச வைஃபையிலும், டியூஷன் வகுப்புக்கு வெளியே பிள்ளைக்காகக் காத்திருக்கும்போதும் பாவிக்கிறார்.

சாம்சங் போன்களில் இன்னொன்று. அதிகாரபூர்வமற்ற மென்பொருளை ஏற்றினால் நொக்ஸ் என்ற பாதுகாப்பு அடையாளம் 0இலிருந்து 1 ஆகும், அது உள்ளேயே எரிந்துபோகும் ஃபியூஸ், பிறகு எந்த ஃபேர்ம்வெயரை (போனை இயக்கும் மென்பொருளை) ஏற்றினாலும் 0 ஆகாது. கோப்புகளைப் பூட்டிவைக்கும் செக்கியூர் ஃபோல்டரும் அதோடு போனதுதான். உங்களில் அனுபவமுள்ளவர்களுக்கு இது நன்றாகத் தெரியும், தெரிந்துகொண்டே சொல்லாமல் செய்வதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அந்தக் கடைக்கு நான் போனேன், கடையின் பெயரை எழுதப்போவதில்லை. தம்பி மறைக்கவில்லை. "அண்ணா, எல்லாரும் வேகம்தான் கேக்கினம், ரூட் எண்டு சொன்னா ஆருக்கும் விளங்காது" என்றார். அதைக் கேட்டதும் எனக்குக் கோபம் குறைந்து கவலைதான் கூடியது. விளங்காது என்பதற்காகச் சொல்லாமல் விடுவதென்றால், நம்முடைய அம்மாமாரின், சின்னம்மாமாரின் போனில் எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்று ஆகிவிடும். இரண்டு வசனத்தில் விளங்கப்படுத்தலாம்: "அன்ரி, இப்படிச் செய்தால் போன் வேகமாகும், ஆனால் பாங்க் ஆப் வேலை செய்யாமல் போகலாம், போனுக்குள் இருக்கும் தகவல் களவு போகவும் வாய்ப்புக் கூட. செய்யவா?" சின்னம்மா வேண்டாம் என்றிருப்பார்.

சின்னம்மாவின் போனுக்குக் கேட்காமலே செய்திருக்கக்கூடியது என்ன தெரியுமா? நினைவகம் முழுக்க நிறைந்திருந்தது, வாட்ஸ்அப்பில் வந்த காலை வணக்கப் படங்களும் வீடியோக்களும்தான் முக்கால்வாசி. அவற்றை அழித்து, பாவிக்காத செயலிகளை முடக்கியிருந்தால் போதும், அமைப்புகளில் முடக்க ரூட் தேவையில்லை. வீடியோ அனுப்ப குயிக் ஷேரே இருந்தது, அது அண்ட்ராய்டு 6 முதல் வேலை செய்யும், இரண்டு போனிலும் திறந்து, "எல்லோருக்கும்" என்பதைப் பத்து நிமிடத்துக்கு மட்டும் விட்டு, அனுப்பி முடித்ததும் தொடர்புகளுக்கு மட்டும் என்று மாற்றிக் கொடுத்தால் வேலை முடிந்தது. நான் வீட்டில் வைத்து அப்படித்தான் செய்தேன், ஆனால் அதற்கு முன் மூல ஃபேர்ம்வெயரை ஏற்றி, எல்லாவற்றையும் அழித்து, போனைத் தொடக்கிவைக்கும் நிரலான பூட்லோடரைத் திரும்பப் பூட்ட ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது. மாற்றிய சிஸ்டத்தோடு பூட்லோடரைப் பூட்டினால் போன் எழும்பாமலே போய்விடும், அதனால் அந்த வேலையை அரைகுறையாகத் தெரிந்தவர்களிடம் விடவேண்டாம் என்று உங்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான். கேட்காமல் ரூட் செய்யாதீர்கள். செய்தால் பில்லில் ஒரு வரி எழுதுங்கள், "ரூட் செய்யப்பட்டது" என்று தமிழிலும் சிங்களத்திலும். பென் டிரைவில் இருக்கும் பழைய ஏபிகேகளை இன்றே அழித்துவிட்டு, போட வேண்டியதைப் பிளே ஸ்டோரிலிருந்து போடுங்கள். ரூட் செய்த போன் விற்பனைக்கு வந்தால் வாங்குகிறவரிடம் சொல்லுங்கள்.

கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டுவதற்கு ஒரு சின்ன அட்டை தயாரித்திருக்கிறேன், "உங்கள் போனில் நாங்கள் செய்யப்போவதை முதலில் சொல்வோம்" என்று அதில் இருக்கிறது, சிங்கள வரியை என் நண்பன் ஒருவன் எழுதித் தந்தான். அச்சுச் செலவு என்னுடையது. வருகிற சனிக்கிழமை காலை முதலாம் குறுக்குத்தெருவிலிருந்து தொடங்கி, பின்னேரம் வெள்ளவத்தைக்கு வருகிறேன். ஒட்ட விருப்பமுள்ளவர்கள் என்னிடம் வாங்கிக்கொள்ளுங்கள், விருப்பமில்லாதவர்கள் காரணத்தைச் சொல்லுங்கள், நின்று கதைப்போம்.