இரண்டு வீட்டுக்கும் நடுவில் நின்ற எனக்குக் கை தந்தவர்களுக்கு

அன்புள்ள எல்லாருக்கும்,

கலியாணம் முடிந்த கையோடு வீடு வீடாகப் போய் நன்றி சொல்லத்தான் நினைத்திருந்தேன். போன இடமெல்லாம் தேத்தண்ணியும் கேக்கும் தந்து, "அதெல்லாம் என்ன பிள்ளை, விடு" என்று வாயை அடைத்து அனுப்பிவிட்டீர்கள். அதனால்தான் எல்லாரும் பார்க்கிற இடத்தில் எழுதுகிறேன். பெயர்களைப் போடவில்லை. யாழ்ப்பாணத்தில், குருநகரிலும் பாஷையூரிலும் ஆர் ஆர் என்று ஆக்களுக்குத் தெரியும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. என்னைப்போலத் தாய் தகப்பன் பிரிந்து, தாங்களும் வளர்ந்து, வேலைக்குப் போய், தலையில் நரை விழத் தொடங்கிய பிள்ளைகள் எங்கள் கோயில் வாங்குகளில் இருக்கிறார்கள். சின்னப்பிள்ளை என்றால் சனம் பாவம் பார்க்கும். வளர்ந்தவர் என்றால் "அது பழைய கதை, இனி என்ன" என்று விட்டுவிடும். எனக்கு உதவியவர்கள் அப்படி விடவில்லை. அவர்கள் செய்ததைத் தெரிந்துகொண்டால் வேறு ஆருக்காவது உதவும்.

பள்ளிக்கூடச் சிநேகிதிக்குத்தான் முதலில் சொல்லவேண்டும். நாங்கள் படித்த காலத்தில் வகுப்பில் அப்பா இல்லாத பிள்ளைகள் கன பேர். ஒருத்தியின் அப்பா ஷெல் விழுந்து செத்தவர். இன்னொருத்தியின் அப்பா கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. வேறொருத்தியின் அப்பா காணாமல் போனவர். சிலருடைய அப்பாமார் சுவிசிலும் கனடாவிலும். புது ரீச்சர் வந்து "அப்பா எங்க?" என்று கேட்டால் எல்லாரிடமும் ஒரு மறுமொழி இருந்தது. கேட்டவரும் தலையைத் தடவிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போவார். என்னுடைய அப்பா இளவாலையில் நல்ல சுகமாக இருந்தார். அம்மாவின் சீதன வீட்டில் இருந்து ஒரு சூட்கேசோடு போனவர், அங்கே தன் சகோதரத்தோடு இருந்தார். இதை வகுப்பில் எழும்பி நின்று எப்படிச் சொல்வது? "வெளியூரில" என்று சொல்லிவிட்டு இருந்துவிடுவேன்.

நவம்பர் 2, சகல ஆத்துமாக்கள் திருநாளில் கொஞ்சேஞ்சி மாதா சேமக்காலைக்கு எல்லாரும் போவோம். கல்லறைகளைக் கழுவி, பூ வைத்து, பொழுதுபடத் திரி கொளுத்துவார்கள். சிநேகிதி தன் அப்பாவின் கல்லறையில் கொளுத்திவிட்டு, மிஞ்சிய ஒரு மெழுகுதிரியை என்னிடம் நீட்டினாள்.

"நீயும் உன்ர அப்பாக்கு ஒண்டு கொளுத்து."

"அவர் சாகேல்லையடி."

"தெரியும். எண்டாலும் உனக்கு அவர் வீட்டில இல்லைத்தானே."

நான் கொளுத்தவில்லை, பயமாக இருந்தது. ஆனால் தகப்பனைப் பறிகொடுத்தவள் என் இழப்பையும் தன் இழப்புக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாளே, அதைப் பெரியவர்கள் ஒருவரும் அதுவரை செய்யவில்லை. அவள் இப்போது நோர்வேயில் இருக்கிறாள். இதை வாசித்தால் "விசரி" என்று ஒரு மெசேஜ் போடுவாள். அது போதும்.

அடுத்தது, அந்தக் காலத்தில் எங்கள் பங்குக் கோயிலில் குருவாக இருந்த வயதான சுவாமிக்கு. அவர் இன்று உயிரோடு இல்லை. விவாகரத்து ஆனவர் நற்கருணை எடுக்கக்கூடாது என்று அயலில் ஆரோ அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்கள். அம்மா கனகாலம் கடைசி வாங்கில் இருந்து, மற்றவர்கள் நற்கருணைக்கு எழும்பும்போது தலையைக் குனிந்துகொண்டு இருப்பா. சுவாமி ஒருநாள் சைக்கிளில் வீட்டு வாசலுக்கே வந்தார். விவாகரத்து ஆனதாலேயே ஒருவர் திருச்சபைக்குப் புறம்பு இல்லை என்றும், மறுமணம் செய்யாமல் இருக்கிறவர் பாவசங்கீர்த்தனம் செய்து நற்கருணை எடுப்பதற்கு ஒரு தடையும் இல்லை என்றும், 1981இல் இரண்டாம் யோவான் பவுல் பாப்பரசரே இதை எழுதியிருக்கிறார் என்றும் சொன்னார். "வாற ஞாயிறு முன்வாங்கில உங்களைக் காணவேணும்" என்று ஒரு அதட்டலும் போட்டார். அம்மா போனா. பிள்ளைக்குத் தாயின் முகம் நிமிர்வதைப் பார்ப்பது எவ்வளவு பெரிய மருந்து என்று அவருக்குத் தெரிந்திருக்குமோ தெரியாது.

இளவாலை மாமிக்கு: அம்மாவைப் பற்றி என் காதுபட ஒரு சொல் நீங்கள் சொன்னதில்லை. நான் வந்தால் ஒடியல் கூழ் காய்ச்சுவீர்கள். போகும்போது "கொம்மாவைக் கேட்டதெண்டு சொல்லு" என்பீர்கள். இவ்வளவுதான் நீங்கள் செய்தது. இவ்வளவைக்கூட மற்ற ஆக்களால் செய்ய முடியவில்லை.

இனி சிஸ்டருக்கு. இது கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள் சிஸ்டர்.

கலியாணப் பேச்சு வரத் தொடங்கியபோதுதான் எனக்கு நித்திரை கெட்டது. ஆரைப் பார்த்தாலும், இவரும் ஒருநாள் சூட்கேசோடு போவார் என்று ஒரு நினைப்பு. அயல் வீட்டுக்காரர் கூடிச் செபிக்கிற அன்பியக் கூட்டத்தில் ஒரு அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, உளவளத்துணை செய்கிற ஒரு சிஸ்டர் இருக்கிறா என்று கூட்டிக்கொண்டு போனா. நான் எதிர்பார்த்தது, செபமாலை சொல்லு, மன்னித்துவிடு என்கிற புத்திமதி. சிஸ்டர் முதலில் கேட்டது: "வீட்டில ஆர் ஆருக்கு எந்தச் செய்தியைக் கொண்டு போனனீர்?"

எனக்கு அழுகை வந்தது அந்தக் கேள்விக்குத்தான். எங்கள் நாட்டுச் சட்டத்தில் விவாகரத்து வாங்குவதென்றால் பெரும்பாலும் ஒருவர் மற்றவரின் பிழையை நீதிமன்றத்தில் காட்டியாகவேண்டும். அதனால் வழக்கு நடந்த வருசங்களில் வீடும் ஒரு நீதிமன்றமாகத்தான் இருந்தது. தாபரிப்புக் காசு வந்ததோ, வரவில்லையோ, கொப்பர் என்ன சொன்னார், கொம்மா என்ன உடுத்தியிருந்தா, எல்லாம் என் வாயால்தான் போய் வந்தது. இங்கே ஒரு முகம், அங்கே ஒரு முகம். சிஸ்டர் மேசையில் இருந்து பிரான்சிஸ் பாப்பரசரின் 2016ஆம் ஆண்டுக் குடும்ப மடலை எடுத்து ஒரு இடத்தை வாசித்துக் காட்டினா. பிரிந்து போன பெற்றோருக்கு அவர் விடுக்கிற வேண்டுகோள் அது: பிள்ளையை ஒருநாளும் பணயமாகப் பிடித்து வைக்காதீர்கள் என்று. பாப்பரசருக்கு என் வீட்டுக் கதை எப்படித் தெரியும் என்று இருந்தது எனக்கு.

பிறகு பத்துக் கட்டளைகளில் நாலாவதுக்கு, நாலாம் கற்பனைக்கு வந்தோம். "பிதாவையும் மாதாவையும் சங்கித்திருப்பாயாக" என்று முழங்காலில் நின்று பாடமாக்கிய பிள்ளை நான். அதனால்தான் நொந்தது என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அவர்களை நிந்திப்பதாகிவிடும் என்று நினைத்தேன். சிஸ்டர் சொன்னா, விவாகரத்தால் பிள்ளைகள் காயப்படுகிறார்கள், தாய்க்கும் தகப்பனுக்கும் நடுவில் இழுபடுகிறார்கள் என்று திருச்சபையின் மறைக்கல்வி நூலே எழுதி வைத்திருக்கிறது, அதை நீர் சொன்னால் மட்டும் எப்படிப் பாவமாகும்? உயிர்த்த ஆண்டவர் சீடர்களுக்குக் காட்டியது கையையும் விலாவையும், தழும்போடுதான் காட்டினார் என்றும் சொன்னா. இரண்டு பேரையும் மதிக்கலாம், அதற்காக ஒருவருடைய வழக்கறிஞராக இருக்கத் தேவையில்லை. அன்றைக்கு இரவு அம்மாவிடம் "இனி அப்பாட்டக் கேக்கிறதை நீங்களே ஃபோன் எடுத்துக் கேளுங்கோ" என்று சொன்னேன். அம்மா மூன்று நாள் முகம் தரவில்லை. நாலாம் நாள் தானே ஃபோன் எடுத்தா.

சிஸ்டர் தந்த இன்னொரு ஆளைப் பற்றியும் சொல்லவேண்டும். புனித யூஜின் டி மசனட். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த கத்தோலிக்கருக்கு அமலமரித் தியாகிகள் சபைக் குருமாரைத் தெரியாமல் இருக்காது. அவர்கள் கட்டிய பள்ளிக்கூடத்திலும் கோயிலிலும்தான் பாதி ஊர் வளர்ந்தது. அந்தச் சபையைத் தொடங்கியவர், 1847இல் இலங்கைக்குத் தன் ஆட்களை அனுப்பியவர், தாய் தகப்பன் விவாகரத்துச் செய்த பிள்ளை என்பதை எனக்கு அதுவரை ஒரு பிரசங்கத்திலும் ஆரும் சொன்னதில்லை. 1782இல் பிரான்சில் பிறந்தவர். புரட்சி வந்ததும் குடும்பத்தோடு இத்தாலிக்கு ஓடினார்கள். அதாவது, இடம்பெயர்ந்த பிள்ளை. தாய் தன்னுடைய சீதனச் சொத்தை மீட்க ஊருக்குத் திரும்பி, பிறகு விவாகரத்தும் எடுத்தா. "பிரான்சிலயும் சீதனப் பிரச்சினையோ சிஸ்டர்?" என்று நான் கேட்க, சிஸ்டர் சிரித்துவிட்டா. அகதியாக அலைந்து, இருபது வயதில்தான் அவர் நாடு திரும்பினார். ஒரு பெரிய வெள்ளிக்கிழமை சிலுவைக்கு முன் நின்று அழுதவர், 1811இல் குருவானார். தாயையும் தகப்பனையும் திரும்பச் சேர்த்துவைக்கப் பாடுபட்டார், முடியவில்லை. தகப்பனை மார்செய்க்குக் கூட்டிவந்தார், தாயையும் விடவில்லை. இரண்டு பேரும் ஒரு வீட்டில் இருக்கவில்லை. அப்படி இருந்தும் 1995இல் அவரைப் புனிதர் என்று அறிவித்தார்கள். புனிதராலேயே முடியாததை நான் செய்து முடிக்கவேண்டும் என்று எத்தனை வருசம் தலையில் தூக்கிக்கொண்டு திரிந்தேன்! மே 21 அவருடைய திருநாள். பங்கில் அன்றைக்கு ஒரு வார்த்தை இதைப் பற்றியும் சொன்னால் நல்லது என்று குருமாரைக் கேட்டுக்கொள்கிறேன்.

மண ஆயத்த வகுப்பு எடுத்த ஃபாதருக்கு. அப்பா பக்கத்தால் மறைமாவட்டத் திருமண நீதிமன்றத்துக்கு விண்ணப்பம் போய், அம்மா அப்பாவின் திருமணம் தொடக்கத்திலேயே செல்லுபடியாகவில்லை என்று தீர்ப்பு வந்திருந்தது. சனத்தின் வாயில் அது "கலியாணமே நடக்கேல்லையாம்" என்று ஆகிவிட்டது. அப்படியென்றால் நான் ஆர்? வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு இதைக் கேட்டேன். ஃபாதர் சுத்தி வளைக்காமல் திருச்சபைச் சட்டப் புத்தகத்தை எடுத்து 1137ஆம் எண்ணை விரித்தார். செல்லுமென்று நம்பிச் செய்த திருமணத்தில் பிறந்த பிள்ளைகளும் முறையான பிள்ளைகள்தான் என்று கறுப்பு மையில் இருந்தது. நீதிமன்றம் பார்ப்பது கலியாண நாளில் கொடுத்த சம்மதம் முழுமையானதா என்பதைத்தான், நீர் பிறந்ததையோ அவர்கள் உம்மைத் தூக்கி வளர்த்ததையோ அது அழிக்க முடியாது என்றார். விண்ணப்பம் போட்ட ஆக்கள் தங்கள் வளர்ந்த பிள்ளைகளை ஒருமுறை கூப்பிட்டு இதை விளங்கப்படுத்தினால் எவ்வளவு நல்லது. எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

கலியாணம் பேசின இடத்தில், சாதகம் பார்க்காத வேதக்காரர், கிறிஸ்தவர் வீடுகளில்கூட எங்கள் வீட்டுக் கதையைத் தோண்டிப் பார்த்தார்கள். புரோக்கர் என் மாமியாரிடம், "பெட்டை நல்லது, ஆனா தாய் தேப்பன்..." என்று இழுத்தாராம். "நாங்கள் பிள்ளையைத்தானே கேக்கிறம், வழக்கையே கேக்கிறம்?" என்று மாமி திருப்பிக் கேட்டிருக்கிறா. மாமி, உங்கள் மகனைப் பற்றியும் ஒன்று சொல்லட்டும். எங்களுக்குள் ஒரு கதை முற்றினால் அவர் எழும்பிப் போகமாட்டார். போகத்தான் வேண்டும் என்றால், "கடைக்குப் போட்டு ஆறு மணிக்கு வாறன்" என்று நேரம் சொல்லிவிட்டுத்தான் போவார். ஆறுக்கு வந்தும் விடுவார். இதை ஒருவரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

கலியாணத்தன்று ஆர் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வருவது என்று இரண்டு பக்கமும் ஒரு மாதமாக முறுகல். அப்பாவோ, தாய்மாமனோ? சடங்குப் புத்தகத்தில் மணமக்கள் சேர்ந்தே குருவோடு பவனியாக வரலாம் என்று இருக்கிறது என்று ஃபாதர்தான் வழி சொன்னார். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வந்தோம். அம்மாவும் அப்பாவும் முன்வாங்கில் ஆளுக்கொரு தொங்கலில் இருந்தார்கள். சமாதானம் சொல்லும் நேரத்தில் அப்பா அம்மா பக்கம் திரும்பிக் கைகூப்பினார். அம்மாவும் கூப்பினா. அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. நடக்கவேண்டும் என்று நானும் காத்திருக்கவில்லை. வந்திருந்ததற்கு உங்கள் இரண்டு பேருக்கும் நன்றி. உங்களுக்கு அது லேசில்லை என்று எனக்குத் தெரியும்.

"பிள்ளையள் வளந்திட்டுதுகள், இனி என்ன" என்று இத்தனை வருசம் சொன்ன ஆக்களுக்கு நன்றி இல்லை. சாப்பாடு மட்டும் உண்டு, அதுவும் அன்றைக்கே சாப்பிட்டுவிட்டீர்கள்.

கடைசியாகப் படம் எடுத்த தம்பிக்கு. அம்மாவோடு ஒரு படம், அப்பாவோடு ஒரு படம் என்று நான் சொன்னதும், ஏன் என்று கேட்காமல், இரண்டுக்கும் ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் நிற்கவைத்து எடுத்தீர். சந்தோசம். ஆனால் தம்பி, அல்பம் தாறன் என்று சொன்ன திகதி எப்பவோ போய்விட்டது. இளவாலைக்கு ஒன்று, குருநகருக்கு ஒன்று என்று இரண்டு பிரதி வேண்டும், மறக்கவேண்டாம்.

அன்புடன்,
குருநகர் மகள், இளவாலை மகளும்கூட