காய்ச்சலுக்கு இருக்கும் பொறுமை

ஜெர்மனியின் பவேரிய மாநிலக் கல்வி அமைச்சகத்தாருக்கு,

வணக்கம். நாங்கள் இங்கே வந்த முதல் குளிர்காலத்தில் மகளுக்குக் கடும் காய்ச்சல். டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். நெஞ்சையும் காதையும் பார்த்துவிட்டு, "வைரஸ்தான். டீ கொடுங்கள், தூங்கவிடுங்கள், மூன்று நாளில் குறையாவிட்டால் வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார். ஊசி இல்லை, மருந்துச் சீட்டு இல்லை. எங்கள் திருச்சியில் என்றால் அம்மா அன்றே வேறு டாக்டரைத் தேடியிருப்பார். எனக்கும் கோபம்தான். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது.

அப்புறம் உங்கள் பொறுமை எனக்கும் பழகிவிட்டது. தும்மினால் வீட்டுக்குப் போ என்கிறார்கள் அலுவலகத்தில். உடம்பு முடியாவிட்டால் ஆறு வாரம் வரை முதலாளி முழுச் சம்பளம் தருவது இங்கே சட்டம்.

அந்த மகள் இப்போது நான்காம் வகுப்பு. அடுத்து எந்த வகைப் பள்ளிக்குப் போகலாம் என்று சொல்லும் தகுதிச் சான்றிதழ் மே மாதம் வரும். ஜெர்மன், கணக்கு, ஊரும் உலகமும் பற்றிய பாடம், இந்த மூன்றின் சராசரி 2.33க்குள் இருந்தால் பல்கலைக்கழகப் படிப்புக்கு வழிவிடும் கிம்னாசியம், 2.66 வரை அதற்கு அடுத்த படியான ரியால்ஷூலே. அதற்கும் மேலே போனால் கடைசிப் படியான மிட்டெல்ஷூலே. (இங்கே 1தான் உசத்தி, 6 கடைசி. இதை அம்மாவுக்குப் போனில் புரியவைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.) தசமக் கணக்கையே இன்னும் சரியாகப் படிக்காத பிள்ளைகள், 2.33ஐ மட்டும் தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

எங்கள் ஊருக்கும் மதிப்பெண் பைத்தியம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது பத்தாம் வகுப்பில்தான் முற்றும், பத்து வயதில் அல்ல. பின்னாலும் ஒரு வகைப் பள்ளியிலிருந்து இன்னொன்றுக்கு மேலேற வழி இருக்கிறது என்பீர்கள். சரி, இருக்கிறது. அந்த வழியைக் கண்டுபிடிக்க ஜெர்மன் தெரிந்த பெற்றோர் வேண்டுமே? பெற்றோரின் நிலைமை பிள்ளையின் படிப்பை மிக அதிகமாகத் தீர்மானிக்கும் நாடுகளில் ஜெர்மனியும் ஒன்று என்று, பல நாட்டு மாணவர்களின் திறனை ஒப்பிடும் பிசா ஆய்வு 2001இல் சொன்னபோது நாடே அதிர்ந்ததாம். 2006இல் இங்கே வந்து பார்த்த, கல்வி உரிமைக்கான ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் வெர்னோர் முன்யோஸும் இந்த இளவயதுப் பிரிப்பைத்தான் குறை சொன்னார்.

பெர்லினிலும் பிராண்டன்புர்கிலும் தொடக்கப்பள்ளி ஆறு ஆண்டுகள். இங்கே நான்குதான். நான் கேட்பதும் அந்தக் கூடுதல் இரண்டு ஆண்டுகளைத்தான்.

போன வாரம் மகளுக்கு மறுபடி காய்ச்சல். டாக்டர் வழக்கம்போல, "படுத்துத் தூங்கு" என்றார். "வெள்ளிக்கிழமை கணக்குப் பரீட்சை இருக்கே" என்று அழுதவள், இரவில் போர்வைக்குள் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தாள்.

இப்படிக்கு,
நான்காம் வகுப்புப் பிள்ளையின் தாய்